நிழலும் பொறுப்பும்

மரம் வளர்ப்பது அறம் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டு வருகிறோம். வளர்த்த மரத்தை வெட்டுவது பாவம் என்பதையும் அப்படியே கேட்டு வருகிறோம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும். அதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. வளர்த்த மரம் ஒருநாள் பிறர் தலைமேல் விழக்கூடிய நிலைக்கு வந்துவிட்டால், உடையவன் என்ன செய்ய வேண்டும்? அதற்கும் முன்னால், அந்த நிலை வந்துவிட்டதை அவன் எப்போது தெரிந்துகொண்டிருக்க வேண்டும்?

வாசலில் மரம் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டுமே உரிய சின்னக் கேள்வி என்று இது தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் நேசிக்கும் ஒன்றைப் பற்றிய கெட்ட செய்தியை நாம் எப்படிக் காதில் வாங்கிக் கொள்கிறோம் என்ற பெரிய கேள்வி இதற்குள்ளே இருக்கிறது.

மரத்தை நாம் வெறும் மரமாக எண்ணியதில்லை. நற்றிணையில் ஒரு புன்னை மரம் வருகிறது. சிறு பெண்கள் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன விதையிலிருந்து முளைத்த மரம் அது. பாலும் நெய்யும் ஊற்றி அதை வளர்த்தார்கள். உங்கள் உடன்பிறந்தவள் இவள் என்று தாய் சொல்லியிருந்தாள். ஆகவே அந்த மரத்தின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ மொழிகளில் மரத்தைப் பாடியிருக்கிறார்கள். மரத்தின் எதிரில் வெட்கப்பட்ட மக்கள் நாம். இந்த உறவைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் உறவு என்று வந்துவிட்டால் அதற்குக் கடமைகளும் உண்டு. உடன்பிறந்தவள் மெலிந்துகொண்டே போனால், “சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்திருப்போமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிறர் பொருளில் ஒரு காசு தொடாதவர். அவர் வீட்டு மதிலோரத்தில் ஒரு வேப்பமரம், அவருடைய தகப்பனார் நட்டது. அதன் நிழலில் பாதி வீட்டுக்குள் விழும். பாதி தெருவில் விழும். தெருவில் விழுந்த பாதியில் ஒருவர் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். காலையில் பெட்டிக்குக் கரி மூட்டினால் பொழுது சாயும் வரையில் அவருக்கு அந்த இடம்தான்.

ஒரு புரட்டாசி மாதத்தில் அவர் வந்து ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மரம் மேலே ரெண்டாப் பிரியுது பாருங்க, அந்தக் கவட்டையிலே விரிசல் தெரியுது. காத்து அடிச்சா முனகுற மாதிரி ஒரு சத்தம் வருது.”

“எந்த இடத்திலே?”

“வெளியே வந்து பாத்தீங்கன்னா தெரியும், சார்.”

ஆசிரியர் வெளியே வரவில்லை. “அது எங்கப்பா வச்ச மரம்ப்பா. அம்பது வருஷமா நிக்குது. எத்தனை புயலைப் பாத்திருக்கு! ஒண்ணும் ஆகாது, போ” என்றார்.

ஐப்பசி மழை வந்தது. புயல் என்று சொல்லும்படிக்கூட இல்லை. நள்ளிரவில் மரம் கவட்டையில் பிளந்து, தெருப்பக்கத்துப் பாதி சாய்ந்தது. இஸ்திரி வண்டி நொறுங்கிப் போயிற்று. இரவு நேரமாகையால் அங்கே ஆள் இல்லை. காலையில் ஆசிரியர் வந்து பார்த்து, “நல்ல வேளை, கடவுள் காப்பாத்தினார்” என்றார். புது வண்டிக்குப் பணமும் கொடுத்தார். தெருவில் எல்லோரும் அவருடைய பெருந்தன்மையைப் பேசினார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல், ஈர இலைகளுக்குள் கையை விட்டுத் தம்முடைய இரும்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த மரம் பகல் மூன்று மணிக்கு விழுந்திருந்தால் அதே மனிதரை அதே தெரு என்ன சொல்லியிருக்கும்? ஆசிரியர் செய்ததும் செய்யாததும் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். மாறியது கடிகாரம் மட்டுமே. கடிகாரத்தின் முள்ளை வைத்து ஒரு மனிதனுடைய குற்றத்தை அளக்கலாமா?

இந்தக் கேள்வியை 1877-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆங்கிலேயர் கேட்டிருக்கிறார். கிளிஃபர்ட் என்பது அவர் பெயர். தொழிலால் கணித அறிஞர். நம்பிக்கையின் அறத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். அவனுடைய கப்பல் பழையது. பழுது பார்க்க வேண்டியது. அவனுக்குச் சந்தேகம் எழுகிறது. ஆனால், எத்தனையோ பயணங்களையும் புயல்களையும் கடந்து வந்த கப்பல் இந்தத் தடவையும் வந்து சேரும் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அந்தச் சந்தேகத்தை அடக்கிவிடுகிறான். குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போன கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. கிளிஃபர்ட் அதோடு நிற்கவில்லை. அந்தக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவனுடைய குற்றம் ஒரு துளியும் குறையாது என்கிறார். கிடைத்த சான்றைக் கொண்டு அவன் அப்படி நம்பவில்லை; சந்தேகத்தை அடக்கி அடக்கியே நம்பிக்கையைச் சம்பாதித்தான். குற்றம் அங்கேயே முடிந்துவிட்டது. கடல் பிறகு செய்ததெல்லாம் அதன் விளைவு.

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கப்பல் முதலாளிக்கும் எங்கள் ஆசிரியருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கப்பல் முதலாளியைக் கண்மூடச் செய்தது பணம். பணத்துக்காகத் தன்னை ஏமாற்றிக்கொள்கிறவனுக்கு உள்ளே எங்கோ ஒரு முள் குத்திக்கொண்டேயிருக்கும். ஆசிரியரைக் கண்மூடச் செய்தது அன்பு. தகப்பனார் நட்ட மரம், நிழல் தந்த மரம், வெட்டினால் பாவம் என்ற எண்ணம் எல்லாம் நல்ல குணங்கள். நல்ல குணத்தின் வேஷத்தில் வரும் ஏமாற்று முள்ளாகக் குத்துவதில்லை. மனச்சாட்சியே அதற்குக் காவல் நிற்கிறது. பேராசையைக் காட்டிலும் அன்பு நம்மை ஆழமாகத் தூங்க வைத்துவிடும். வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அளவு மீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சியில் மனம் அயர்ந்துபோவது தீயது என்று அதில் தொடங்குகிறார். நிழலில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை இல்லை.

‘அம்பது வருஷமா நிக்குது’ என்ற வாதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாம் எல்லோரும் சொல்கிற வாதம் அது. ஐம்பது ஆண்டு நின்றது என்பது நேற்று வரையில் நின்றதற்குச் சாட்சி. நாளைக்கு அது சாட்சி சொல்லாது. ஐம்பது ஆண்டில் மரம் உயர்ந்திருக்கிறது, கனத்திருக்கிறது, காயம் பட்டிருக்கிறது. அதன் காலடியில் சாக்கடை தோண்டியிருக்கிறார்கள், குழாய் பதித்திருக்கிறார்கள், சிமெண்டு பூசியிருக்கிறார்கள். இன்று நிற்கும் மரம் தகப்பனார் நட்ட அதே மரம் அன்று.

மரம் ஒரு நாளில் விழுந்துவிடுவதில்லை. பல ஆண்டுகளாக விழுந்துகொண்டே வந்து, ஒரு நாளில் தரையைத் தொடுகிறது. அந்தப் பல ஆண்டுகளிலும் அது அடையாளம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் சாய்வு. சாய்ந்த மரமெல்லாம் விழுகிற மரம் அல்ல. கன்றாக இருக்கும்போதே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்த மரம், பிறகு தன்னைத் திருத்திக்கொண்டு வில்லைப் போல வளைந்து மேலே நிமிர்ந்திருக்கும். அது நூறாண்டு நிற்கலாம். நேற்று வரை நேராக நின்ற மரம் வளைவில்லாமல் கோல் போலவே ஒரு பக்கம் சாய்ந்தால் அஞ்ச வேண்டும். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து மண்ணைப் பாருங்கள். மண் உப்பியிருந்தால், வெடித்திருந்தால், வேர் மண்ணை விட்டுக் கிளம்புகிறது என்று பொருள். அதற்குப் பிறகு யோசிக்க நாள் இல்லை.

இரண்டாவது, கவட்டை. இரண்டு தண்டுகள் அகலமாகப் பிரிந்து ஊஞ்சல் கயிறு போல வளைந்து சேர்ந்தால் அது வலுவான கவட்டை. கைகூப்பியது போலக் குறுகலாக ஒட்டி எழுந்தால், வளர வளர இரண்டின் பட்டையும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. வெளிப்பார்வைக்கு ஒட்டியிருக்கும், உள்ளே கட்டையோடு கட்டை சேர்ந்திராது. ஆசிரியர் வீட்டு வேம்பு அப்படிப்பட்டதுதான். அங்கே விரிசல் தெரிந்தால் மரம் தன் முடிவைச் சொல்லிவிட்டது.

மூன்றாவது, அடிமரத்தில் முளைக்கும் காளான். மழைக்குப் பிறகு வரும் அழகு என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். தட்டுத் தட்டாகக் கெட்டியாக வேரடியில் ஒட்டியிருக்கும் காளான், உள்ளே அழுகல் வேலை செய்வதன் வெளி அடையாளம். தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தஞ்சாவூர் வாடல் நோயைச் சொன்னால் தெரியும். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிவதும், அங்கே இப்படிப்பட்ட காளான் முளைப்பதும் அந்த நோயின் குறிகள்.

பொந்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வீண்பயம் உண்டு. பொந்து விழுந்த மரம் செத்த மரம் என்று நினைக்கிறோம். மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வெளிச்சுற்றில் இருக்கிறது. நடுவிலுள்ள வைரம் உயிரற்ற பகுதி. நடு போனாலும் வெளிச்சுவர் கெட்டியாக இருந்தால் மரம் குழாயைப் போல நிற்கும். நல்ல சுவரின் கனம் மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது மரம் பார்க்கிறவர்களின் தோராயக் கணக்கு. மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் ஓசை வேறுபடும் இடம் தெரியும். எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்ல அனுபவசாலி வேண்டும். பொந்தைச் சிமெண்டால் அடைப்பது பழைய வழக்கம். அதனால் மரம் வலுப்படுவதில்லை. அழுகல் உள்ளே மறைகிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடப்பது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு வேர் போகும் என்று நம்புகிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவுகின்றன. மதிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை முழுக்க வெட்டிவிடுகிறோம். மரம் அன்றைக்கே விழுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் விழும்போது காற்றைத்தான் குறை சொல்கிறோம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேரோடு புரண்டு கிடந்த எத்தனையோ மரங்களுக்கு நடைபாதைக் கல்லுக்கும் சாக்கடைச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் மண்தான் இருந்தது. காற்று தள்ளியது உண்மை. பிடிமானத்தை முன்னதாகவே பறித்தவர்கள் மனிதர்கள்.

இவ்வளவும் படித்த பிறகு யாராவது அரிவாளைத் தேடினால் என் கட்டுரை வீண். வர்தாவுக்குப் பிறகு நல்ல மரங்களையும் வெட்டித் தள்ளியவர்கள் உண்டு. சருகு கூட்டச் சலித்தவர்களுக்கும், கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்கும் ‘ஆபத்து’ என்ற சொல் வசதியாகக் கிடைத்தது. சிலர் உச்சியை மொட்டையடித்துவிட்டு மரத்தைக் காப்பாற்றியதாக எண்ணினார்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகளுக்குப் பிடிப்புக் குறைவு. சில ஆண்டுகளில் அவையே முன்னைவிடப் பெரிய ஆபத்தாகின்றன.

அன்பினால் வெட்டாதவரும் பயத்தினால் வெட்டுகிறவரும் எதிரெதிர் மனிதர்கள் என்று தோன்றும். எனக்கு இருவரும் ஒரே மனிதராகத்தான் தெரிகிறார்கள். இருவரும் மரத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தம் ஞாபகத்தைப் பார்க்கிறார். மற்றவர் தம் பயத்தைப் பார்க்கிறார். மரம் இருவருக்கும் வெளியே, பார்ப்பாரற்று நிற்கிறது.

இதில் சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1926-இல் ஒரு வழக்கு. சாலைமேல் நீண்டிருந்த பீச் மரக்கிளை ஒன்று முறிந்து கீழே போன மோட்டார் வண்டிமேல் விழுந்தது. கிளைக்குள் இருந்த பழுது, பார்த்தாலும் தெரிந்திருக்க முடியாதது. ஆகவே உடையவர் பொறுப்பாளி அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொரு வழக்கு நம் தில்லியில். 1964-இல் ஸ்கூட்டரில் போன ஒருவர் தலையில் மரக்கிளை விழுந்து அவர் இறந்தார். அந்த மரம் பட்டையும் இலையும் இல்லாமல் பட்டுப்போய் நின்ற மரம். பார்த்தவர்க்குத் தெரிந்திருக்கும். மாநகராட்சியே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் முடிவு சொன்னது. இடையில் 35 ஆண்டுகள்! தெரிய முடியாததை நீதி மன்னிக்கிறது. பார்க்காமல் இருந்ததை மன்னிப்பதில்லை.

விழக்கூடிய மரத்தைப் பற்றி மாஜிஸ்திரேட்டு ஆணையிடலாம் என்று 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்தில் அது 152-ஆம் பிரிவு. அதில் ஒரு நயம் இருக்கிறது. மரத்தை அகற்றச் சொல்லலாம், அல்லது தாங்கல் கொடுக்கச் சொல்லலாம் என்கிறது சட்டம். வெட்டுவது ஒன்றே வழி என்று சட்டமே நினைக்கவில்லை. பட்ட கிளையை மட்டும் எடுக்கலாம், பாரத்தைக் குறைக்கலாம், முட்டுக் கொடுக்கலாம். சில சமயம் மரத்தை விட்டுவிட்டு, அதன் கீழே இருக்கும் பெஞ்சியையோ வண்டியையோ வேறிடத்துக்கு மாற்றினாலே போதும். காட்டுக்குள் உளுத்து நிற்கும் மரம் யாருக்கும் ஆபத்து அல்ல. அது கிளிக்கும் மரங்கொத்திக்கும் வீடு. கீழே ஒரு மனிதன் நிற்கும்போதுதான் அது ஆபத்தாகிறது.

இந்த இடத்தில்தான் நியாயத்தின் முடிச்சு இருக்கிறது. என் தலைமேல் விழக்கூடிய கிளையின் கீழ் நான் தெரிந்தே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், அதைத் துணிச்சல் என்றோ பைத்தியம் என்றோ சொல்லலாம். அது என் உரிமை. அதே கிளையின் கீழ் இன்னொருவர் பிழைப்புக்காக நாள் முழுவதும் நிற்கும்போது, அவருடைய துணிச்சலையும் நானே தீர்மானிக்க எனக்கு என்ன உரிமை? மரம் என்னுடையது, ஞாபகம் என்னுடையது, புண்ணியமும் என்னுடையது. ஆபத்து மட்டும் அவருடையது என்றால், அந்தக் கணக்கு எந்த தர்மத்திலும் நேராகாது.

சில சமயம் வெட்டத்தான் வேண்டியிருக்கும். ஹவுராவில் உள்ள தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தை அறிந்திருப்பீர்கள். 1864-லும் 1867-லும் வந்த புயல்கள் அதைக் காயப்படுத்தின. காயத்தின் வழியே காளான் புகுந்து அடிமரம் அழுகியது. 1925-இல் அந்த அடிமரத்தையே எடுத்துவிட்டார்கள். மரத்தின் உயிரென்று எல்லோரும் எண்ணியிருந்ததை வெட்டுவதற்கு எவ்வளவு உறுதி வேண்டியிருந்திருக்கும்! வெட்டியவர்கள் மரத்தின் பகைவர்கள் அல்லர். விழுதுகள் தாங்க, ஒரு தோப்பைப் போல அந்த ஆலமரம் இன்றும் நிற்கிறது. எல்லா மரத்துக்கும் விழுது இல்லை என்பது உண்மை. ஒரு வேம்பை வெட்டினால் அது போனதுதான். அப்போது துக்கப்படலாம், துக்கப்படவும் வேண்டும். வேறோர் இடத்தில், வேருக்கு மண் விட்டு, ஒரு கன்றை நடலாம். ஆனால் நம் துக்கத்தைத் தள்ளிப்போடுவதற்காக இன்னொரு வீட்டில் துக்கம் விழும்படி விட்டுவைக்கக் கூடாது.

ஆண்டில் இரண்டு தடவை, ஆடிக் காற்றுக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும், உங்கள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கோயில் மரத்தை வலம் வருகிறோமே, அவ்வளவு நேரம் போதும். வேரடியில் தொடங்கிக் கவட்டை வழியாக உச்சிவரை கண் போகட்டும். மதிலுக்கு வெளியேயும் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கத்தை உடையவர்கள் அநேகமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே நிழலுக்கு ஒதுங்கி யாராவது நின்றால், மரம் எப்படி இருக்கிறது என்று அவரைக் கேளுங்கள். உங்களைவிட அவருக்கு அதை நன்றாகத் தெரிந்திருக்கும்.